1973 பிரசிடெண்டா, 77 அம்பாசிடரா? 4 லட்சத்துக்குள்ள ஒரு பழைய கார்

பாளை_ஸ்டியரிங்:
வணக்கம். ஞாயித்துக்கிழமை ஓட்ட ஒரு பழைய கார் வேணும். கையில மொத்தம் 4 லட்சம். வண்டி விலை, வேலை, பேப்பர் செலவு எல்லாம் அதுக்குள்ள முடியணும். பாளையங்கோட்டைல வீட்டோட சேந்த மூடுன ஷெட் இருக்கு. ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன்.

ஒண்ணு, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டுல 1973 பிரீமியர் பிரசிடெண்ட், பெட்ரோல். எட்டு வருஷமா ஷெட்ல நிக்கு. பெயின்ட் வெளுத்துப் போச்சு, இன்ஜின் சுத்துமான்னு தெரியல. ஆர்.சி. தாத்தா பேர்ல, அவர் இறந்துட்டார். பேரன் விக்கிறார், 1.4 லட்சம் கேக்காங்க.

இன்னொண்ணு, திருச்செந்தூர்ல 1977 அம்பாசிடர் மார்க் 3. ஓடுற வண்டி, புது பெயின்ட், புது சீட். டீசல் இன்ஜின். 2.6 லட்சம்.

எதை எடுக்கலாம்? போய்ப் பாக்கும்போது என்ன பாக்கணும்? வின்டேஜ் பதிவுன்னு சொல்றாங்களே, அது பண்ணணுமா?

தகரம்_முக்கியம்:
அண்ணாச்சி, இன்ஜினைப் பத்தி கடைசியில கவலைப்படுங்க. போரிங், ரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத்துல முடியுற வேலை, செலவும் முன்கூட்டியே தெரியும். பாடி அப்படி இல்ல. பிரிச்சாத்தான் எவ்வளவு போயிருக்குன்னு தெரியும், பிரிச்ச பிறகு பாதியில நிறுத்தவும் முடியாது. இந்த ரெண்டு காருக்கும் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் பாரத்தைத் தாங்குது. சில் (கதவுக்குக் கீழ நீளவாக்குல ஓடுற தகரப் பகுதி) துரு பிடிச்சா வண்டியோட முதுகெலும்பு போச்சு.

நம்ம பக்கத்துல உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி கடலோரத்துல நின்ன வண்டியை உப்புக்காத்து உள்ளிருந்து தின்னும். மேற்கே தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் ஈரம் இருந்தாலும் மூடுன ஷெட்டுன்னா பரவாயில்ல. நாங்குநேரி, மானூர், சங்கரன்கோவில்னு காஞ்ச பூமியில நின்ன வண்டிக்குத்தான் தகரம் நல்லா நிக்கும். அந்த ஊர்கள்ல டிங்கரிங் கடை, சீட் தைக்கிறவங்க, பழைய இன்சூரன்ஸ் ஏஜென்ட்னு சொல்லி வைங்க. எந்த வீட்டு ஷெட்ல என்ன நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். புரோக்கர் வந்தா ரெண்டு பக்கமும் கமிஷன்.

போகும்போது மெல்லிய துணி சுத்துன ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச் எடுத்துட்டுப் போங்க. கதவோட அடிப்பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னாடி மட்கார்டோட கீழ்முனை, சில் முழுக்க காந்தத்தை வச்சு நகர்த்துங்க. பிடிக்காம வழுக்குற இடத்துல உள்ளே பட்டி, அதாவது தகரத்துக்குப் பதிலா பூசுன மாவு. தரை விரிப்பைத் தூக்கி டிரைவர் கால் வைக்கிற இடத்தைப் பாருங்க, டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியிலயும் பாருங்க. கீழே படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங்கோட (பட்டை ஸ்பிரிங்) முன்முனையைப் பிடிக்கிற ஹேங்கர் பாடியில சேருற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால அழுத்துங்க. உள்ளே போச்சுன்னா கும்பிட்டுட்டு வந்துருங்க.

கடைசியா ஒரு சோதனை. கதவை மூடி, சுத்தி இருக்கிற இடைவெளியைப் பாத்துக்கோங்க. சில்லுக்கு அடியில கட்டை வச்சு ஜாக்கி போட்டுத் தூக்குங்க. இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க இறுகினாலோ, சில் வெறும் பெயின்ட்தான். ஜாக்கி வச்ச இடமே நொறுங்கினா இன்னும் தெளிவு.

கடலோர ஊர் வண்டிக்கு விக்கிற நேரத்துல புது பெயின்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான். வெளுத்த பழைய பெயின்ட் எதையும் மறைக்காது. பேப்பர் சரியா வந்தா பிரசிடெண்ட்.

ஆர்சி_புக்:
முதல்ல அம்பாசிடர். 1977ல அம்பாசிடருக்கு கம்பெனி டீசலே கிடையாது. அப்போ அது பிறகு மாத்துன இன்ஜின். ஆர்.சி.யில எரிபொருள் டீசல்னும், இப்ப உள்ள இன்ஜின் நம்பரும் ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா பேர் மாத்தும்போது மாட்டிக்கிடுவீங்க. டாக்சியா ஓடுன வண்டியா இருந்தா பெர்மிட் சரண்டர் பண்ணி சொந்த உபயோகத்துக்கு மாத்துன பதிவும் இருக்கணும்.

பிரசிடெண்ட்: தாத்தா பேர்ல இருக்கிற வண்டியை பேரன் நேரா உங்களுக்கு எழுதித் தர முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம் வச்சு படிவம் 31ல முதல்ல ஒரு வாரிசு பேருக்கு மாறணும். அப்புறம் படிவம் 29, 30ல உங்க பேருக்கு. முதல் படி முடியாம முழுப்பணம் குடுக்காதீங்க. பழைய மூணெழுத்து நம்பர் வண்டின்னா அரசோட 'வாகன்' பதிவுக் கம்ப்யூட்டர்ல ஏறாமலே இருக்கலாம். எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க. வரலைன்னா, பதிவான ஆபீஸ்ல பழைய லெட்ஜரைப் பாத்து, விடுபட்ட பதிவை (பேக்லாக்) கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லணும். இதுக்கு அலைச்சல் உண்டு.

ஆர்.சி. எப்ப காலாவதி ஆச்சுன்னும் பாருங்க. சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம், பிறகு அஞ்சஞ்சு வருஷமா படிவம் 25ல புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல அந்தக் கட்டணத்தை 10,000 ரூபா ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. தாமதத்துக்கு மாசம் 500 ரூபா. கவுண்டர்ல மொத்தக் கணக்கையும் எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில கழிச்சுப் பேசுங்க. 15 வருஷ பெட்ரோல் காரை ஓட்டக்கூடாதுங்கிற தடை டெல்லி வட்டாரத்துக்கு. இங்க இல்ல.

வின்டேஜ் பதிவுக்கு 2021ல வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டணும், பாடி, சேசிஸ், இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. 1973 வண்டி தேறும். 77 வண்டிக்கு இன்னும் 50 ஆகல, ஆன பிறகும் இன்ஜின் மாத்துனதால அடிபடும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல பாதி தள்ளுபடி உண்டு. ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். வாராவாரம் குற்றாலம் போக ஆசைன்னா சாதாரண ஆர்.சி.யே போதும்.

மார்க்4_விசுவாசி:
அம்பாசிடரை இப்படித் தள்ளாதீங்க. பெட்ரோல் இன்ஜினோட, சொந்த போர்டுலயே இருந்த ஒரு மார்க் 3 கிடைச்சா நான் அதைத்தான் சொல்வேன். 1489 சிசி பி.எம்.சி. இன்ஜினைப் பிரிச்சுப் போடத் தெரிஞ்ச மெக்கானிக் இன்னும் ஊருக்கு ஒருத்தர் இருக்கார். ஆனா இன்ஜினோட மேல்பாகம் (ஹெட்) வார்ப்பிரும்பு. 2000ல ஈயம் கலந்த பெட்ரோல் நின்ன பிறகு எக்சாஸ்ட் வால்வ் சீட் (வால்வ் உக்காருற இடம்) சீக்கிரம் தேயும், டேப்பட் கேப் (வால்வுக்கு விடுற இடைவெளி) தானா குறைஞ்சுட்டே வரும். ஹெட் இறக்கும்போதே அந்த இடத்துல கடினமான வளையம் (சீட் இன்சர்ட்) போட்டுருங்க. இந்த திருச்செந்தூர் டீசல் வண்டி வேண்டாம், அதுல நானும் ஒத்துக்கிடுதேன்.

பாயின்ட்_கண்டன்சர்:
பிரசிடெண்டோட 1089 சிசி இன்ஜின்தான் பிறகு வந்த பிரீமியர் பத்மினி கார்லயும் வந்துது. மும்பையில 2023 அக்டோபர் வரைக்கும் பத்மினி டாக்சி ஓடுனதால பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் இன்னும் கிடைக்குது. கிடைக்காதது குரோம் பீடிங், லைட் வளையம், கண்ணாடி ரப்பர், டாஷ்போர்டு மீட்டர். இதெல்லாம் வண்டியில முழுசா இருக்கான்னு எண்ணிப் பாருங்க. இல்லாததுக்கு சென்னை புதுப்பேட்டையில அலையணும், கேக்குறதுதான் விலை.

எட்டு வருஷம் நின்ன இன்ஜினை பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கவோ, தள்ளி ஸ்டார்ட் பண்ணவோ விடாதீங்க. ஒட்டின ரிங் உடையும். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் கியர் நியூட்ரல்ல வச்சு, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பானர் போட்டு கையால சுத்துங்க. ரெண்டு முழுச் சுத்து தடையில்லாம வந்தா பாதி ஜெயிச்சாச்சு. பிறகு ஆயிலை மாத்தி (20W-50 மினரல் போதும்) கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்க. நாலும் 110 psiக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வ்.

டேங்கை இறக்கிக் கழுவாம சொட்டு பெட்ரோல் விடாதீங்க. இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாபிரம் (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) ரெண்டையும் அது ஊற வச்சு இளக்கிடும். எத்தனால் தாங்குற ஹோஸும் டயாபிரமும் முதல்லயே போடுங்க. டேங்க் துருவையும் அது கிளப்பிவிடும், அதனால கார்புரேட்டருக்கு முன்னாடி ஒரு கண்ணாடி ஃபில்டர். சித்திரை வெயில்ல நின்னு நின்னு போனா வேப்பர் லாக் வரும், அதாவது பெட்ரோல் பைப்லயே ஆவியாகி அடைக்கும். பெட்ரோல் பைப் எக்சாஸ்ட் பக்கத்துல போகாம தள்ளிக் கட்டணும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே இருக்கிற பாயின்ட்டோட இடைவெளி 0.45 மி.மீ., பிளக் இடைவெளி 0.6. பிரேக்குல வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாத்தையும் மாத்தாம ரோட்டுக்கு எடுக்காதீங்க. டயர் 5.20-14. பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா மாத்த வேண்டியதுதான்.

தகரம்_முக்கியம்:
பணத்தைப் பத்தி யாரும் பேசலையே. 4 லட்சத்துல வண்டிக்கு 1.2க்கு மேல போகாதீங்க. பேப்பருக்கும் நிலுவைக்கும் ஒரு 50,000, பாடிக்கு ஒண்ணரை, மிச்சம் இன்ஜின், பிரேக், டயர். சீட்டையும் பெயின்டையும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வயசு வண்டிக்கு பேங்க் லோன் கிடைக்காது. அதுக்காக நகையை அடகு வச்சு இதுல இறங்காதீங்க. மாசச் சீட்டு போட்டு, சீட்டு விழுந்ததும் ஒவ்வொரு வேலையா முடிக்கலாம்.

டிங்கரிங் வேலையை பெயின்டோட சேத்து மொத்தமா பேசாதீங்க. பேசினா ஓட்டையை பட்டியில மூடிடுவாங்க. துருப்பிடிச்சதை வெட்டி, தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ் தகடு வச்சு வெல்டிங் பண்ணதும் பிரைமரோட நிறுத்தச் சொல்லுங்க. காந்தத்தால நீங்களே பாத்துட்டு, அந்த அளவுக்குப் பணம் குடுங்க.

பாளை_ஸ்டியரிங்:
நன்றி. பேரன்கிட்ட படிவம் 31 பத்திப் பேசுறேன், சம்மதிச்சா அட்வான்ஸ். அம்பாசமுத்திரத்துல இருந்து கட்டி இழுத்துட்டு வரலாமா?

பாயின்ட்_கண்டன்சர்:
வேண்டாம். பிரேக் இல்லாத வண்டியை கயித்துல இழுத்தா முன்னாடி வண்டி நிக்கும்போது இது நிக்காது. பழைய டயரும் தாங்காது. ரெக்கவரி வண்டியில ஏத்திக் கொண்டாங்க. ஏத்தும்போது வின்ச் கொக்கியை பம்பர்ல மாட்ட விடாதீங்க, முன் சஸ்பென்ஷனோட குறுக்குச் சட்டத்துல (கிராஸ் மெம்பர்) மாட்டச் சொல்லுங்க. ஹேண்ட் பிரேக் ஒட்டியிருக்கான்னு முந்தின நாளே பின் சக்கரத்தைத் தூக்கி சுத்திப் பாத்துக்கோங்க.