குளவி கலைந்த மலையில்: உங்கள் அனுபவம் என்ன?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நிழல் மரத்தில் தொங்கிய கூட்டைக் கழுகு கலைத்துவிட்டது. "ஓடு, ஓடு" என்று கத்தினார்களே தவிர, எந்தப் பக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதுகில் கூடையோடு சரிவில் ஓட முடியுமா? கொழுந்து கொட்டிவிடுமே என்று தயங்கிய பெரியம்மாவுக்குத்தான் அதிகம் கொட்டியது. கூடையை எறிந்துவிடுங்கள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கதவுள்ள கட்டடம் எதுவோ அதற்குள் போய்விடுங்கள். கையை வீசி அடித்தால் இன்னும் மூர்க்கமாக வரும்.

கொட்டுவது எல்லாம் குளவி அல்ல. உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெருந்தேனீ. அதன் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் வழித்தாலும் சரி, பிடுங்கினாலும் சரி, உடனே எடுக்க வேண்டும். தேயிலைச் செடிக்குள் காகிதம் போன்ற கூடு கட்டும் குளவி கொடுக்கை விட்டுப் போகாது. ஒன்றே பல முறை கொட்டும்.

●

அக்கா, பதுளையில் என் மைத்துனருக்குக் கொட்டியது ஒரே ஒரு குளவி, அதுவும் கையில். வீட்டார் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தபோதே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மிவிட்டது. இது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைத் தணிக்கும், அடைக்கும் மூச்சைத் திறக்காது. நல்லவேளையாக அயல்வீட்டுப் பையன் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைத்தான். அது இலவசம் என்பதே எங்கள் லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) பலருக்குத் தெரிந்திருக்கவில்லை! ஒருமுறை இப்படி ஆனவருக்கு அடுத்த கொட்டும் ஆபத்துதான். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள்; மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள்.

●

கொட்டிய இடத்தில் வீக்கம் மட்டும் என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்தால் போதும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், அவ்வளவுதான் அதன் பயன். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் தெம்பாக எழுந்து நின்றாலும் வைத்தியசாலையில் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் பிறகுதான் பழுதாகத் தொடங்கும். சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ தாமதிக்கக் கூடாது.

எங்கள் மலையில் கூடு இருப்பதைக் கங்காணியிடம் பலமுறை சொன்னோம், "பார்க்கலாம்" என்றார். இப்போது காலைப் பிரட்டில், வேலைக்கு முன் பெயர் பதியக் கூடும்போது, எல்லோர் முன்னும் சொல்கிறோம். கூடு அகற்றப்படும்வரை அந்த நிரையில் கொழுந்து எடுப்பதில்லை.