ஏஐ வீடியோவுக்கு முத்திரை குத்தினால் போதுமா?

கரிசல்மண்:
மத்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதித் திருத்த வரைவைப் படித்தீர்களா? ஏஐ கொண்டு செய்த படமோ வீடியோவோ, 10 சதவீதப் பரப்பிலாவது அதைச் சொல்லும் முத்திரை வேண்டும் என்றது அந்த வரைவு. ஆடியோ என்றால் முதல் 10 சதவீத நேரத்தில். முழுமனதாக வரவேற்கிறேன். 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாவில், மறைந்த கலைஞர் கருணாநிதி ஏஐ உருவில் வந்து பேசினார். அரங்கில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். அதே துண்டு பத்துக் கை மாறி என் பாட்டியின் போனுக்கு வந்தால் யார் சொல்வது?

போளூர் வாத்தியார்:
முத்திரை இருக்கட்டும் தம்பி. ஆனால் ஆபத்து வேறு வழியாகவும் வரும். 2018 மே மாதம் எங்கள் போளூர் பக்கம், சென்னையிலிருந்து கோவிலுக்கு வந்த ஒரு வயதான அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள். அதில் ஏஐ எங்கே இருந்தது? அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்து பிள்ளையைத் தூக்குகிறவர்கள், கடைசியில் திரும்பி வந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் வெட்டியதை முதலில் போடுவேன், அப்புறம் முழுப் படம். வகுப்பில் சத்தமே இருக்காது. "இதே மாதிரி ஒண்ணு போன வாரம் எங்க தெரு குரூப்ல வந்துச்சு சார்" என்றாள் ஒரு மாணவி. இந்தப் பாடம்தான் முதலில் வேண்டும்.

நெய்தல்:
சார், உங்கள் வகுப்பை மதிக்கிறேன். ஆனால் என் அம்மாவுக்கு 67 வயது, அவர் எந்த வகுப்பில் உட்காருவார்? ஒரு மந்திரி முகத்தை வைத்துச் செய்த முதலீட்டு விளம்பரத்தை நம்பி 40,000 ரூபாய் போட்டார். விளம்பரம் வந்த தளத்தில் புகார் கொடுத்தேன். "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பத்தே நிமிடத்தில் பதில். ஏமாந்தவரையே இன்னும் படி என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

2018-க்குப் பிறகு என்ன நடந்தது? அந்த ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு (தனி ஆளோ குரூப்போ) மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, பட்டனைத்தான் மாற்றினார்கள்.

கரிசல்மண்:
அப்படியானால் பொய்யை உடனே நீக்கச் சொல்லிச் சட்டம் போடலாமே அக்கா?

போளூர் வாத்தியார்:
எது பொய் என்று யார் முடிவு செய்வது? தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்க ஒரு பிரிவு அமைக்க மத்திய அரசு 2023-இல் விதி கொண்டுவந்தது. அதை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியாகத்தான் செய்தது.

நெய்தல்:
நான் கேட்பது அதுவல்ல சார். உண்மையா பொய்யா என்று அரசு சொல்லவே வேண்டாம். யார் காசு கொடுத்தார், ஏன் என் அம்மாவின் போனில் காட்டினார்கள், இந்த இரண்டையும் தளம் சொல்லட்டும். ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பெரிய தளங்கள் விளம்பரங்களைப் பணம் கட்டியவர் பெயரோடு பொதுவில் வைத்தாக வேண்டும். இங்கே நான் யார் மேல் புகார் கொடுப்பது என்றே தெரியவில்லை.

போளூர் வாத்தியார்:
இதில் உங்களோடு நிற்கிறேன் அம்மா. ஆனாலும் பட்டன் வேகத்தைத்தான் குறைக்கும், நம்பிவிட்டவர் மனதை மாற்றாது. அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அனுப்புங்கள், வகுப்பில் காட்ட வேண்டும்.

நெய்தல்:
அனுப்புகிறேன் சார். அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் காட்டுங்கள்.