'இன்ட்ரின்செக்கே மாலும்': தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

எந்த நோக்கத்தாலும் சூழ்நிலையாலும் நல்லதாக மாறாத தீய செயலைக் கத்தோலிக்க அறநெறி இறையியல் குறிக்கும் இலத்தீன் தொடர் 'இன்ட்ரின்செக்கே மாலும்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: 'இயல்பிலேயே தீயது', 'உள்ளார்ந்த தீமை', 'எந்நிலையிலும் தீயது'. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பக்கங்களில் மூன்றையும் ஒரு வாரமாக மாறி மாறி இட்டுப் பார்த்தேன். எதுவும் நிறைவு தரவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கத்தோலிக்க அறநெறி இறையியலில் மரபைக் காப்போரும் சீர்திருத்தம் வேண்டுவோரும் அறுபது ஆண்டுகளாக வாதிட்டு வருவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். இங்கே பொருந்தாத சொல்லை வைத்தால், வாசகர் வழக்கைக் கேட்கும் முன்பே ஒரு தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் ஆவோம்.

முதலில் சொல்லின் வரலாறு. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1930 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட 'காஸ்தி கொன்னூபியி' சுற்றுமடலிலும், ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 அன்று கையொப்பமிட்ட 'ஹுமானே வீத்தே' மடலின் 14ஆம் எண்ணிலும், கருத்தடை குறித்து 'இன்ட்ரின்செக்கே இன்ஹொனெஸ்தும்' (தன்னிலேயே ஒழுக்கக்கேடானது) என்ற தொடர் வருகிறது. இரண்டாம் யோவான் பவுல் 1993இல் எழுதிய 'வெரித்தாத்திஸ் ஸ்ப்ளெந்தோர்' மடலின் 80ஆம் எண்தான் 'இன்ட்ரின்செக்கே மாலும்' என்பதற்கு விளக்கம் தருகிறது: செய்பவரின் நோக்கத்தையும் சூழ்நிலையையும் சாராமல், அந்தச் செயல் எதைச் செய்கிறதோ அதனாலேயே, எப்போதும் தீயதாக இருப்பது. இந்த விளக்கத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. 'எப்போதும்' என்பது ஒன்று. 'அதனாலேயே' என்பது மற்றொன்று. நமது கலைச்சொல் முதன்மையாக இரண்டாவதைத் தாங்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது அதிலிருந்து பிறக்கும் விளைவு.

'இயல்பிலேயே தீயது' என்பதை நான் ஏற்காததற்கு வகுப்பறையில் கண்ட ஒரு காட்சியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்க உதவியபோது, கையில் கொடுத்த தாளில் கருத்தடை பற்றி இந்தத் தொடர் அச்சாகியிருந்தது. அக்காளின் திருமணத்துக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அப்போ நான் இயல்பிலேயே கெட்டவளா, சார்?" என்று கேட்டார். அவர் தவறாகப் படிக்கவில்லை. தமிழில் 'இயல்பு' மனிதருக்கு உரியது. 'இயல்பிலேயே நல்லவர்', 'இயல்பிலேயே முன்கோபி' என்றுதான் நாம் பேசுகிறோம். செயலைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு அவர்மேல் போய் விழுந்தது. இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இயல்பு என்றதும் இயற்கை நினைவுக்கு வரும். உடலின் இயற்கை அமைப்பிலிருந்து அறநெறியை நேராக வருவிக்கலாமா என்பதே 1968க்குப் பின் எழுந்த பெரிய கேள்வி. இருபத்து மூன்றாம் யோவான் 1963இல் அமைத்த பிறப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பெரும்பான்மையினர் போதனை மாறலாம் என்றனர். ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. அந்த ஆணையத்தில் பணியாற்றும்போதே தன் முந்தைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டவர் உரோமைப் பேராசிரியரான இயேசு சபைத் துறவி ஜோசப் ஃபுக்ஸ். அவருடைய வாதத்தைத் தமிழில் தரும்போது, எதிர்த்தரப்பின் முடிவைக் கலைச்சொல்லுக்குள்ளேயே ஒளித்துவைப்பது நேர்மையாகாது.

'உள்ளார்ந்த தீமை' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளார்ந்த நன்றி, உள்ளார்ந்த அன்பு என்று எழுதிப் பழகிய கைக்கு அது நெஞ்சின் ஆழத்தைக் குறிக்கும் சொல். எனவே வாசகர் இதை 'மிகக் கொடிய தீமை' என்றே கொள்வார். ஆனால் இலத்தீன் தொடர் கடுமையின் அளவைச் சொல்வதே இல்லை. 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் பொய்யை இந்த வகையில் சேர்த்துவிட்டு, பெரிய அநீதி நேராதவரை அது அற்பப் பாவமே, சாவான பாவம் அன்று என்கிறது. பொய்யும் இனப்படுகொலையும் இந்த ஒரு வகைக்குள் வருகின்றன. அதைத் தாங்கும் சொல் நமக்கு வேண்டும்.

மூன்றாவதான 'எந்நிலையிலும் தீயது' நம் மொழிக்கு மிக அணுக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்ற குறளை எடுத்துக்காட்டிய அன்பருக்கு நன்றி. விதிவிலக்கற்ற தடையை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது. ஆனால் பரிமேலழகர் உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தும்போது தீயன செய்தாவது காக்கலாம் என்பது அறநூல்களின் பொதுவிதி என்றும், அது அமைச்சருக்குப் பொருந்தாது என்பதால் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்றும் அவர் எழுதுகிறார். மூலம் விதிவிலக்கு இல்லை என்கிறது. உரை அதை ஒரு பதவிக்கு உரிய விதியாக்குகிறது. வாய்மை அதிகாரத்திலோ, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவரே சொல்கிறார். எந்தப் பொய்யும் ஆகாது என்று எழுதிய பண்டைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாருக்கு இது உடன்பாடாகாது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்த வீரமாமுனிவர் இந்த இரண்டு குறள்களையும் கடந்துதான் சென்றிருக்க வேண்டும். நம் பிரச்சினைக்கு இதன் பயன் என்னவென்றால், 'எந்நிலையிலும்' என்பது தடையின் எல்லையை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. செய்பவரின் பதவியாலும் ஒரு தடை விதிவிலக்கற்றதாகலாம். செயலின் தன்மையாலும் ஆகலாம். நமக்கு வேண்டியது பின்னது.

ஆகவே என் பரிந்துரை: 'தன்னளவில் தீய செயல்'.

'தன்னளவில்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். நோக்கம், சூழ்நிலை, விளைவு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது. 'செயல்' என்பதை விடாமல் சேர்த்தே எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் விரல் என் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை.

இதனோடு ஒரு இணையையும் நிலைப்படுத்த வேண்டுகிறேன். ஃபுக்ஸ், லூவேனில் கற்பித்த லூயி யான்சென்ஸ் போன்றோர், ஒருவருக்கு நேரும் வலி, இழப்பு, சாவு ஆகியவற்றை இன்னும் அறத் தீர்ப்புக்கு உட்படாத கேடு என்றும், தக்க காரணமின்றி அதை விளைவிப்பதே அறவழியில் தீயது என்றும் பிரித்தனர். அறுவை மருத்துவர் காலை வெட்டுகிறார். கேடு உண்டு, குற்றம் இல்லை. இந்தப் பிரிவினைக்குத் தமிழில் புதுச்சொல்லே வேண்டாம். முன்னது 'தீங்கு', பின்னது 'தீமை'. 'தீவினை' என்ற அழகான சொல்லை, அது ஊழையும் பிறவியையும் இழுத்துவரும் என்பதால் வருத்தத்துடன் விட்டுவிடுகிறேன்.

கடினமான இடம் 'ஒபியெக்தும்': செய்யப்படும் செயல் இன்னது என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல். பசியால் சாகும் நிலையில் உள்ளவர் பிறர் உணவை எடுத்தால் அது களவே ஆகாது என்றார் இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினார். அங்கே 'எடுத்தல்' கண்ணுக்குத் தெரிகிறது. 'களவு' என்பது அந்தச் செயல் இன்னது என்று அறிந்து நாம் இடும் பெயர். சூழ்நிலை எவ்வளவு தூரம் இந்தப் பெயருக்குள் நுழையலாம் என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. 'இலக்கு' என்றால் நோக்கத்தோடு குழம்பும். 'பொருள்' என்றால் உணவுப் பொட்டலத்தையே குறிக்கும். 'செயற்கரு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு பற்றி அடுத்த இயலிலேயே பேச வேண்டிய நூலில் அது செயற்கைக் கரு என்று படிக்கப்படும். இப்போதைக்கு 'செயலின் பொருண்மை' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் உடனே மாற்றுவேன்.

சொல்லைச் சோதிக்க 2016இல் எழுந்த ஒரு விவாதத்தை எடுத்துக்கொண்டேன். திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பு பற்றி எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா' ஊக்கவுரை வந்த பின், பர்க், கஃபாரா, பிராண்ட்முல்லர், மைஸ்னர் என்ற நான்கு கர்தினால்கள் ஐந்து ஐயங்களை எழுப்பினர். இரண்டாவது ஐயத்தை இப்படித் தமிழாக்கலாம்: தன்னளவில் தீய செயல்களை விலக்கும், விதிவிலக்கின்றிப் பிணிக்கும் அறநெறிகள் உண்டு என்ற போதனை இன்னும் செல்லுமா? மறுதரப்பை இப்படி எழுதலாம்: தீங்கு விளைவிக்கும் ஒரு செயலை, நோக்கமும் சூழ்நிலையும் அறியாமல், தன்னளவில் தீய செயல் என்று சொல்ல இயலாது. இரண்டும் வாசிக்க ஓடுகின்றன. இரு தரப்பும் தத்தம் வாதம் இதுதான் என்று ஏற்கும் என நம்புகிறேன்.

இந்த மறுதரப்புக்கு 'விகிதாசாரவாதம்' என்று ஒரு பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அது தேர்தல் முறையை நினைவூட்டுகிறது. நன்மை தீங்குகளை எண்ணிக் கழிக்கும் கணக்கு என்ற எண்ணத்தையும் தருகிறது. அவர்கள் கேட்டது தக்க காரணம் உண்டா என்பதே. எனவே 'தக்க காரணக் கோட்பாடு' என்று எழுதலாமா? இதற்கும் 'பொருண்மை'க்கும் உங்கள் கருத்து தெரிந்த பின்பே இயலின் இறுதிப் படியை அனுப்புவேன்.