ஒரு குளிர்காலத்துக்கு 3 டன் நிலக்கரியா?

கேள்வி: போலந்தில், கடோவிட்சே பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம், 110 சதுர மீட்டர், கீழே நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி பாய்லர். வீட்டுக்காரர் போகிற போக்கில் "3 டன் வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்கிறார். நம்ம ஊரில் இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் கரியைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. நிஜமாகவே அவ்வளவு ஆகுமா?

பதில்: ஆகும். 2022-இல் கரித் தட்டுப்பாடு வந்தபோது அரசே ஒரு குடும்பத்துக்கு 3 டன் வரைதான் சலுகை விலையில் கொடுத்தது. 25 கிலோ மூட்டையில் 120 மூட்டை. அக்டோபரில் ஒரு மூட்டை இரண்டு மூன்று நாள் ஓடும், ஜனவரியில் மைனஸ் 10 வந்தால் ஒரே நாளில் காலி. சுவருக்கு வெப்பக்காப்பு இல்லையென்றால் 4 டன்கூடப் போகும்.

பதில்: டன்னை மட்டும் பார்க்காதீர்கள், மூட்டையில் போட்டிருக்கும் மெகாஜூலையும் (ஒரு கிலோ கரி தரும் வெப்பத்தின் அளவு) பாருங்கள், 28-க்கும் 24-க்கும் நல்ல வித்தியாசம். முதல் வருடம் மலிவு என்று வாங்கினேன், மூட்டையைப் பிரித்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது! தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறேன். அப்புறம், தானாகக் கரி தள்ளும் பாய்லர் என்றால் 'எகோக்ரோஷெக்' என்ற சின்னத் துண்டுக் கரிதான் போடவேண்டும், பெரிய கட்டி சிக்கிக்கொள்ளும்.

பதில்: கார்பன் மோனாக்சைடு (கரி எரியும்போது வரும் வாசனையில்லாத விஷவாயு) அலாரம் வாங்கிவிட்டீர்களா? முதலில் அது, புகைபோக்கியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேட்டவர்: அலாரம் இன்றைக்கே வாங்குகிறேன். சரி, 120 மூட்டையை நிலவறைக்கு யார் இறக்குவது?

பதில்: நீங்கள்தான் :)