சூளைக் குடும்பங்களுக்கு வெளிநாட்டு நிதி: இன்னொரு அமைப்பு வழியாக வாங்கலாமா?

மருதம்:
திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்படும் ஒடிசாக் குடும்பங்களுக்கு உதவும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவர் மறுவாழ்வுக்குப் பணம் தரத் தயார். பதிவுள்ள சென்னை அமைப்பு ஒன்று தங்கள் பெயரில் வாங்கி எங்களுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறது. சரிப்படுமா? பிள்ளைகளைத் தங்கவைக்க வீடும் பார்த்தாயிற்று.

தணிக்கைத்தம்பி:
சரிப்படாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது. நாளைக்கு நீங்கள் பதிவு வாங்கினாலும் இதேதான். சென்னைக்காரர்களே களப்பணியாளரை வேலைக்கு எடுத்து நேரடியாகச் செலவு செய்யலாம். இல்லையென்றால் பதிவு இல்லாமலே இந்த ஒரு நன்கொடையை வாங்க மத்திய உள்துறையிடம் நீங்களே முன் அனுமதி கேட்டு எஃப்சி-3பி படிவம் போடுங்கள். தொகையும் நோக்கமும் எழுதிய நன்கொடையாளர் கடிதம் வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும்; பணம் முதலில் அங்கேதான் இறங்கும்.

பட்ஜெட்டில் பலரும் மாட்டுவது நிர்வாகச் செலவில். உச்சவரம்பு 20 சதவீதம். வண்டி ஓட்டும் செலவு, வக்கீல் ஃபீஸ், வாடகை எல்லாம் அதில் சேரும். மீட்பு வேலையே வண்டியும் வக்கீலும்தானே! இந்த விதியை எழுதியவர் சூளைப் பக்கம் போயிருக்க மாட்டார். இவற்றை உள்ளூர் நன்கொடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலமரத்தடி:
கொத்தடிமை மறுவாழ்வுக்கான அரசுப் பணத்தை முதலில் கேளுங்கள் மருதம். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அப்புறம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு 3 லட்சம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாமல் குடும்பம் ரயிலேறினால் ஒடிசாவில் கேட்க ஆதாரமே இருக்காது. சான்றில் பெயரும் ஆதாரில் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெரிய தொகை கொத்தடிமை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் இழுக்கும். அந்த இடைவெளியில் அரிசி, மருந்து, பள்ளிச் சேர்க்கைக்குத்தான் வெளிநாட்டுப் பணம் உண்மையில் உதவும்.

வீட்டு யோசனையை விடுங்கள். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்; எங்கே தங்குவது என்று அவர்கள்தான் சொல்வார்கள். பதிவில்லாத இல்லம் நடத்துவது குற்றம்.

மருதம்:
நன்றி. நன்கொடையாளர் ஒவ்வொரு பிள்ளைக்கும் படம், பெயர் போட்டு அறிக்கை கேட்கிறார்.

ஆலமரத்தடி:
முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கி ஊர்ப் பெயரைப் போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். வயதுப் பிரிவு, வகுப்பு, எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் கொடுங்கள்.