மதநிந்தனை சர்ச்சை வரும்போதெல்லாம் முஸ்லிம் நண்பனை கூண்டுல ஏத்துறோமே, இத எப்படி நிறுத்துறது?

இரவுவாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா படிக்க மட்டும்தான் வந்துட்டு இருந்தேன், இன்னிக்கு மனசு கேக்காம எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

காலேஜ்ல ஒண்ணா படிச்ச பதினோரு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கோம், அதுல ஒருத்தன் மட்டும் முஸ்லிம். போன வாரம் நபிகள் பத்தின கார்ட்டூன் பேச்சு வந்துச்சு, ஒருத்தன் அந்தப் படத்தையே எடுத்து குரூப்ல போட்டு கீழ "கருத்து சுதந்திரம்"னு எழுதிட்டான். நம்ம நண்பன் எதுவும் பேசல. அரை மணி நேரம் கழிச்சு இன்னொருத்தன் அவன் பேரப் போட்டு "என்னடா சத்தத்தையே காணோம், நீ எந்தப் பக்கம்?"னு கேட்டான். அவன் "இத போடாம இருந்திருக்கலாம்"னு ஒரே ஒரு வரி எழுதினான், அவ்ளோதான், "பாத்தியா ஒரு படத்துக்கே இவ்ளோ கோவம், அப்ப ஆள கொல்றவனுங்கள பத்தி என்ன சொல்ற"ன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க.

சண்டைய நிறுத்தலாம்னு நான் இடையில போயி "அவனை விடுங்கடா, அவன் மத்தவங்க மாதிரி கிடையாது"ன்னு போட்டேன். சத்தியமா நல்ல எண்ணத்துலதான் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல அவன் குரூப்ப விட்டு வெளிய போயிட்டான். போன் பண்ணா எடுக்கல. ராத்திரி எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்துச்சு, "அவனுங்க சொன்னத விட நீ சொன்னதுதான்டா வலிச்சது"ன்னு.

அதுலேர்ந்து தூக்கம் இல்ல. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? அப்புறம் மத்த பசங்க கேக்குற கேள்விக்கும் எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியல, ஏன்னா கொலைங்க நடந்தது பொய் இல்லயே. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மழைத்தூறல்:

நானும் முஸ்லிம்தாங்க, அதனால அந்த மெசேஜ் எனக்கு உடனே புரிஞ்சிருச்சு.

"நீ மத்தவங்க மாதிரி கிடையாது"ங்கறத நான் ஸ்கூல் காலத்துலேர்ந்து கேட்டுட்டு வரேன். சொல்றவங்க பாசமாத்தான் சொல்வாங்க. ஆனா அந்த "மத்தவங்க" யாருன்னு யோசிச்சுப் பாருங்க. எங்கம்மா, எங்கண்ணன், சின்ன வயசுல எனக்கு ஓதக் கத்துக்குடுத்த வயசானவர், இவங்கதானே? உங்க நண்பன காப்பாத்துறேன்னு அவன் வீட்டுல இருக்குற எல்லாரையும் அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டீங்க. திட்டினவனுக்கு பதில் சொல்லிடலாம், பாசமா சொன்னவருக்கு என்ன சொல்றது? அதான் வலி.

அந்தப் படம் பத்தியும் சொல்லிடறேன். எனக்கு வலிக்கும், அத மறைக்க மாட்டேன். நபி பேரச் சொன்னாலே கூடவே சலவாத், அதாவது அவருக்காக ஒரு சின்ன பிரார்த்தனை, சொல்லி வளர்ந்த மனசு, அவர கேவலமா வரைஞ்சு பாக்குறப்ப உள்ள என்னமோ ஆகத்தான் செய்யும். வலிச்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா, போன கவுத்து வச்சுட்டு வேற வேல பாப்பேன், எனக்குத் தெரிஞ்ச கிட்டத்தட்ட எல்லாரும் அதான் பண்றாங்க. குர்ஆன்லயும் 4:140ல, இறைவசனங்கள யாராச்சும் கேலி பண்ணா அவங்க வேற பேச்சுக்கு மாறுற வரைக்கும் அவங்களோட உக்காராதீங்கன்னுதான் இருக்கு. உங்க நண்பன் குரூப்ப விட்டு எழுந்து போனது அச்சு அசல் அதேதான். ஆனா யாருக்கும் அது கண்ணுல படாது, ஏன்னா எழுந்து போறதுக்கு எந்த கேமராவும் வராது.

இன்னொண்ணு, அந்த "நீ எந்தப் பக்கம்"ங்கற கேள்வி. பேசாம இருந்தா உள்ளுக்குள்ள ஆதரிக்கிறான்ம்பாங்க. வருத்தமா இருக்குன்னா கோவக்காரன்ம்பாங்க. கண்டிக்கிறேன்னு சொன்னா அடுத்த சம்பவத்துக்கு மறுபடி வந்து கண்டிக்கணும். எங்கயோ முகம் தெரியாத ஒருத்தன் பண்ணதுக்கு நான் எத்தன தடவ கை கட்டி நிக்கணும் சொல்லுங்க?

பழையபேப்பர்:

நான் ரொம்ப வருஷம் செய்திப் பிரிவுல வேல பாத்தவன். உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன், ஏன்னா "கொலை நடக்கலயா"ன்னு கேக்குறவங்கள நடக்கலன்னு சொல்லி மடக்க முடியாது, நடந்திருக்கு. ஆனா முழுசா சொல்லணும்.

2015 ஜனவரி 7, பாரிஸ்ல நபி கார்ட்டூன் போட்ட சார்லி ஹெப்டோ பத்திரிகை ஆபீஸ் மேல தாக்குதல், 12 பேர் செத்தாங்க. அந்த 12ல ஒருத்தர் அகமது மெராபெத், போலீஸ்காரர், முஸ்லிம். தெருவுல காயம் பட்டு விழுந்து கிடந்தவர கிட்ட வந்து சுட்டுட்டுப் போனானுங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே ஊர்ல யூதர்களோட சூப்பர் மார்க்கெட் ஒண்ண ஒரு துப்பாக்கிக்காரன் புடிச்சு வச்சப்ப, அங்க வேல பாத்த லசானா பதிலிங்கற மாலி நாட்டு முஸ்லிம் பையன் கஸ்டமர்ஸ கீழ குளிர்சாதன அறைக்குள்ள ஒளிய வச்சு லைட்ட அணைச்சுட்டு, தான் வெளிய தப்பிச்சு வந்து உள்ள இடம் எப்படி இருக்குன்னு போலீசுக்கு சொன்னான். அந்த மாசமே பிரான்ஸ் அவனுக்கு குடியுரிமை குடுத்துச்சு. ஒரே வாரம், ஒரே ஊரு. கொன்னவன் பேரு எல்லாருக்கும் தெரியுது, மெராபெத் பேரும் பதிலி பேரும் எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு?

பாகிஸ்தானுக்கு வாங்க. அங்க நபிய நிந்திச்சா மரண தண்டனைன்னு 295-சி சட்டம் இருக்கு, 1986ல கொண்டு வந்தது. அந்தச் சட்டத்துல மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆசியா பீபிங்கற கிறிஸ்தவப் பெண்மணிக்காகப் பேசினதுக்கு, அந்தச் சட்டத்த விமர்சிச்சதுக்கு, 2011 ஜனவரில பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர அவரோட பாதுகாப்புக்கு இருந்த போலீஸ்காரனே சுட்டுக் கொன்னான். தசீர் முஸ்லிம். 2017ல மர்தான்ல மஷால் கான்ங்கற மாணவன யூனிவர்சிட்டிக்குள்ளயே கும்பலா அடிச்சுக் கொன்னாங்க, அவன் மேல சொன்ன நிந்தனைக்கு ஆதாரமே இல்லன்னு பின்னாடி விசாரணைல வந்துச்சு. அவனும் முஸ்லிம். கடைசியா 2018 அக்டோபர்ல ஆசியா பீபிய விடுதலை பண்ணது யாரு, முஸ்லிம் நீதிபதிங்க. அவங்களுக்காக வாதாடினதும் முஸ்லிம் வக்கீல், சைஃபுல் மலூக், தீர்ப்பு வந்ததும் உயிருக்கு பயந்து நாட்ட விட்டே போக வேண்டியதாச்சு.

அங்கயே சியால்கோட் ஊர்ல நடந்ததையும் சொல்லணும், 2021 டிசம்பர், நிந்தனை பண்ணார்னு சொல்லி இலங்கைக்காரர் பிரியந்த குமாரவ அவர் மேனேஜரா இருந்த ஃபேக்டரில அடிச்சே கொன்ன கும்பல் முன்னாடி, அவர் மேல விழுந்து மறைச்சு அடி வாங்கினது கூட வேல பாத்த மாலிக் அத்னான். காப்பாத்த முடியல, ஆனா அந்தக் கும்பலும் முஸ்லிம்தான் அந்த மனுஷனும் முஸ்லிம்தான், அப்ப மதத்த மட்டும் வச்சு ஒரு ஆள எப்படி எடை போடுவீங்க?

எங்க தொழில் மேலயும் தப்பு இருக்கு. அமெரிக்கால 2006லேர்ந்து 2015 வரைக்கும் நடந்த தாக்குதல் செய்திங்கள எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, செஞ்சவன் முஸ்லிமா இருந்தா மத்த தாக்குதல விட சராசரியா 357 சதவீதம் அதிகமா செய்தி வந்திருக்கு. தினம் அதே முகத்தக் காட்டினா பாக்குறவனுக்கு வேற என்ன தோணும்?

நேர்கோடு:

மேல எழுதினது எல்லாம் ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயம் நெருடுது, தப்பா எடுத்துக்க வேணாம். தனி மனுஷங்க நல்லவங்கதான். ஆனா அந்த 295-சி சட்டத்த கும்பல் போடல, அரசாங்கம் போட்டது, தசீர கொன்னவன் மேல கோர்ட் வாசல்ல பூ தூவினாங்க, அதுவும் உண்மைதானே? நான் என் மதத்த என் வீட்டுலயே கிண்டல் பண்ணிருக்கேன், யாரும் என்ன அடிக்கல. ஒரு மதத்த விமர்சனம் பண்றதே அந்த ஜனங்கள வெறுக்கிறதுன்னு ஆக்கிட்டா அப்புறம் எதையும் பேசவே முடியாது. அதுவும் ஒரு பயம்தான்.

மழைத்தூறல்:

@நேர்கோடு, தப்பா எடுத்துக்கல, நேரடியா கேட்டதுக்கு நன்றி. பூ தூவினது உண்மை, அத பாத்தப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு, ஆத்திரமாவும் இருந்துச்சு. அந்தச் சட்டம் போகணும்னுதான் நான் நினைக்கிறேன், அத எங்க வீட்டுலயும் சொல்லிருக்கேன், என் மாமா ஒத்துக்கல, ரெண்டு மணி நேரம் வாக்குவாதம். இந்த வாக்குவாதம் எங்களுக்குள்ள நடக்குதுன்னே வெளிய தெரியுறதில்ல.

விமர்சனம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லயே. சட்டத்த கேளுங்க, மௌலவி சொன்னத கேளுங்க, என் நம்பிக்கையில உங்களுக்கு ஒத்து வராதத கேளுங்க, உக்காந்து பேசலாம். ஆனா பதினோரு பேர் இருக்குற எடத்துல பத்து பேர் ஒரு படத்த நடுவுல போட்டுட்டு மிச்சம் இருக்குற ஒருத்தன் முகம் எப்படி மாறுதுன்னு பாக்குறது விமர்சனமா? அந்தப் படத்த போட உரிமை இருக்கான்னு கேட்டா இருக்கு. நண்பன் முன்னாடி ஏன் போட்டன்னு கேக்க எனக்கும் உரிமை இருக்கு. அதத்தான் அவனும் கேட்டான், ஒரே வரியில.

பழையபேப்பர்:

நேர்கோடு சொன்ன சட்டம் பத்தி ஒரு வார்த்தை. 295-சிக்கு அடித்தளமா இருக்குற, மத உணர்வ வேணும்னே புண்படுத்தினா தண்டனைங்கற 295-ஏ பிரிவ 1927ல கொண்டு வந்தது பிரிட்டிஷ் அரசு. ஐரோப்பாலயும் 1697ல எடின்பர்க்ல தாமஸ் ஐக்கன்ஹெட்னு ஒரு மாணவன மதநிந்தனைக்காக தூக்குல போட்டாங்க, டென்மார்க் தன்னோட நிந்தனை சட்டத்த 2017லதான் ரத்து பண்ணுச்சு. அவங்களும் பண்ணாங்கன்னு கணக்கு பாக்க இத சொல்லல. எடின்பர்க்லேர்ந்து இன்னிக்கு இருக்குற நிலைமைக்கு வந்தது எப்படின்னா, அந்த ஜனங்களுக்கு உள்ளேர்ந்தே ஆளுங்க பேசிப் பேசித்தான். தசீர் மாதிரி ஆளுங்க அந்த இடத்துலதான் நிக்கறாங்க. "உங்க ரத்தத்துலயே இருக்கு"ன்னு நம்ம சொன்னா கொன்னவன் வாதத்துக்குத்தான் வலு சேருது, அவனும் அதானே சொல்றான், உண்மையான முஸ்லிம்னா நான்தான்னு.

கடைசிபெஞ்ச்:

நான் முன்னாடி உங்க குரூப்ல கேள்வி கேட்ட ஆள் மாதிரிதான் இருந்தேன், அதனால சொல்றேன். 2023 ஜூலைல ஸ்வீடன்ல குர்ஆன் எரிப்பு பிரச்சனை ஓடிட்டு இருந்தப்ப, ஒரு முஸ்லிம் ஆளு யூதர்களோட புனித நூலான தோராவையும் பைபிளையும் எரிக்கப் போறேன்னு ஸ்டாக்ஹோம்ல போலீஸ் பர்மிஷன் வாங்கிட்டான்னு செய்தி வந்துச்சு. நான் அத எல்லா குரூப்புக்கும் ஃபார்வர்ட் பண்ணேன், "பாத்துக்கோங்க"ன்னு. அன்னிக்கு அந்த ஆளு இஸ்ரேல் தூதரகம் முன்னாடி வந்து நின்னு லைட்டர கீழ தூக்கிப் போட்டுட்டு, எரிக்கிற எண்ணமே எனக்கு இல்ல, எந்த புனித நூலையும் எரிக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன்னு சொல்லிட்டான். அத நான் யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணல. ரெண்டு நாள் மண்டைய குடைஞ்சுச்சு. முதல் செய்திய எவ்ளோ வேகமா நம்பினேன், ரெண்டாவது ஏன் எனக்கு அனுப்பத் தோணலன்னு. அப்புறம் உக்காந்து ஒவ்வொரு குரூப்பா அதையும் போட்டேன். சில பேர் திட்டினாங்க, பரவால்ல.

ஃபேக்ட் சொல்லி மட்டும் மனசு மாறாது, பழகணும். முகமது சாலாங்கற முஸ்லிம் ஃபுட்பால் வீரர் இங்கிலாந்துல லிவர்பூல் கிளப்புக்கு 2017ல வந்த பிறகு அந்த ஏரியால வெறுப்புக் குற்றம் எதிர்பார்த்தத விட 16 சதவீதம் குறைஞ்சதாவும், லிவர்பூல் ரசிகருங்க போட்ட முஸ்லிம் எதிர்ப்பு ட்வீட் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சதாவும் ஒரு ஆய்வு இருக்கு. அந்த ஆளு கோல் போட்டதும் மைதானத்துலயே நெத்தி தரையில பட சஜ்தா செய்வாரு, எதையும் மறைச்சுக்கல. அவரு நம்பிக்கையோடவே ஜனங்க ஏத்துக்கிட்டாங்க. உங்க நண்பனையும் அப்படியே, முழுசா ஏத்துக்கோங்க, "மத்தவங்க மாதிரி இல்லாத" பாதிய மட்டும் இல்லாம.

இரவுவாசகன், உங்க நண்பன்ட்ட விளக்கம் குடுக்காதீங்க, "நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்"னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. குரூப்ல எல்லார் முன்னாடியும் சொன்னத குரூப்லயே திருத்துங்க.

இரவுவாசகன்:

எல்லாத்தையும் மூணு தடவ படிச்சேன், மழைத்தூறல் அக்கா நீங்க எழுதினத மட்டும் இன்னும் நெறைய தடவ.

நேத்து குரூப்ல எழுதினேன். "அவன் மத்தவங்க மாதிரி கிடையாதுன்னு நான் சொன்னது தப்பு, அவங்க அம்மா கையால எத்தன நாள் சாப்ட்ருக்கோம், அந்த மத்தவங்கள்ல அவங்களும் உண்டு, அந்த வார்த்தைய வாபஸ் வாங்குறேன்"னு போட்டேன். ரொம்ப நேரம் யாரும் எதுவும் பேசல. அப்புறம் படத்த போட்டவன் அத டெலீட் பண்ணான், ஒண்ணும் சொல்லாம. கேள்வி கேட்டவன் இன்னும் வாதம் பண்ணிட்டுதான் இருக்கான், அவனுக்கு மெராபெத், பதிலி கதைய அனுப்பினேன், "இது எனக்குத் தெரியாது"ன்னு மட்டும் சொன்னான், அவன் வாயிலேர்ந்து அதுவே பெருசு.

நண்பன்ட்ட ராத்திரி பேசினேன். அந்த விஷயத்தப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல, மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவனே கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிச்சான், 2015ல அவன் புதுசா வேலைக்கு சேந்த நேரமாம், சார்லி ஹெப்டோ நடந்த மறுநாள் ஆபீஸ் லிஃப்ட்ல இவன் ஏறினதும் உள்ள இருந்தவங்க பேச்ச நிறுத்திட்டாங்களாம். பத்து வருஷமா எங்க யார்ட்டயும் சொல்லல. ஒன்றரை மணி நேரம் பேசினான், நான் கேட்டுட்டு இருந்தேன்.

குரூப்புக்கு இன்னும் திரும்ப வரல. வான்னு நானும் கூப்பிடல. ஞாயித்துக்கெழம அவன் வீட்டுக்குப் போறேன்.