அப்பார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, எட்டு கேமரா: இது போதுமா?

மேடவாக்கம் செயலாளர்:
வணக்கம். 120 வீடுகள் உள்ள குடியிருப்பு, அசோசியேஷன் சார்பில் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ‘குட் டச் பேட் டச்’ வகுப்பு, கூடவே எட்டு கேமரா என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. இது போதுமா? இன்னொன்று, ஒரு குழந்தை வந்து ஏதாவது சொன்னால் கமிட்டி முதலில் என்ன செய்ய வேண்டும்? ‘நாமே கூப்பிட்டு விசாரிச்சு, ஆளை மாத்தச் சொல்லிடலாம். போலீஸ் அது இதுன்னு போனா பில்டிங் பேர் கெட்டுடும்’ என்கிறார்கள் பெரியவர்கள் சிலர்.

பெரம்பூர் பயிற்சியாளர்:
சார், வகுப்பை முதலில் பெரியவர்களுக்கு வையுங்கள். தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விட முடியாது.

2018-இல் சென்னை அயனாவரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் கைதான 17 பேரில் லிஃப்ட் இயக்குபவர், செக்யூரிட்டி, பிளம்பர் எல்லாரும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. கேட்டைத் தாண்டி வந்த முகம் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவரே.

அதனால் கேமராவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சாயங்காலம் நாலு பேராக பில்டிங்கைச் சுற்றி வாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்பக்கம், ஈ.பி. ரூம், மோட்டார் ரூம், கார் பார்க்கிங்கின் கடைசி மூலை, கிளப் ஹவுஸ் பாத்ரூம், பூட்டிக் கிடக்கும் காலி வீடு. ஒவ்வொன்றிலும் சாவி யாரிடம், எத்தனை நகல், விளக்கு எரிகிறதா என்று எழுதுங்கள். காலி வீட்டுச் சாவி வாட்ச்மேனிடம் ஆணியில் தொங்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள். சாவி வாங்கினால் பெயர், நேரம், கையெழுத்து. கேமரா அதற்கு அப்புறம்.

செக்யூரிட்டிக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் அவசியம், தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் வழக்கு பதிவானவரைத்தான் அது காட்டும். இன்னொரு ஓட்டை, ஒருவர் லீவு போட்டால் ஏஜென்சி அனுப்பும் மாற்று ஆள். அவருடைய பேப்பரை யாரும் பார்ப்பதில்லை. ‘பேப்பர் இல்லாத ஆள் நைட் டியூட்டிக்கு வரக்கூடாது’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிள்ளையைத் தனியாக எந்த அறைக்கும் அழைத்துப் போகக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது என்ற விதியை வேலை செய்பவர்களுக்கு மட்டும் போடாதீர்கள். டியூஷன் மிஸ், கராத்தே மாஸ்டர், கமிட்டி அங்கிள் எல்லாருக்கும் அதுவே. வடக்கேயிருந்து வந்த பையன்களை மட்டும் முறைத்துப் பார்ப்பதால் ஒரு பிள்ளையும் காப்பாற்றப்படுவதில்லை.

பிள்ளைகள் வகுப்புக்கு வருவோம். ‘கெட்ட தொடுதல்’ என்ற சொல்லே சிக்கல். ஊசி வலிக்கும், ஆனால் தப்பில்லை. தப்பான தொடுதல் சில நேரம் வலிக்காது, கூச்சமாகவோ சுகமாகவோகூட இருக்கும். குழந்தை குழம்பி, கெட்டது தான்தானோ என்று வாயை மூடிக்கொள்ளும். ‘பாதுகாப்பானது, பாதுகாப்பில்லாதது’ என்று சொல்லுங்கள். தொடாமலே படம் காட்டுவது, உடம்பைப் போட்டோ கேட்பது இதெல்லாமும் அதில் வரும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அதையே முதலில் வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பாடம்.

வயதுவாரியாக 3–5, 6–9, 10–13, அதற்கு மேல் என்று பிரித்து, ஒரு குழுவில் 20 பேருக்கு மிகாமல், அரை மணி நேரம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப நடத்த வேண்டும், ஒரே நாளில் மறந்துபோகும். ஆண் பிள்ளைகளைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 2007-இல் மத்திய அரசு நடத்திய ஆய்வில் பாலியல் துன்புறுத்தலைச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள்தான்.

வீட்டில் ‘ஷேம் ஷேம்’ என்று சொல்லி வளர்த்த உறுப்புக்குப் பெயர் தெரியாமல் பிள்ளை எப்படிச் சொல்லும்? பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ‘மாமாவுக்கு முத்தம் குடு’ என்று தள்ளுவதையும் விடுங்கள்.

கருப்பு அங்கி:
உங்கள் இரண்டாம் கேள்விக்கு: விசாரிப்பது கமிட்டியின் வேலை இல்லை.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம், 2012 (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்). அதன் 19-ஆம் பிரிவின்படி தகவல் தெரிந்த எவரும் உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்கள்மேல் வழக்கு வராது, அதுவும் 19-இலேயே இருக்கிறது. ஆளை மாற்றி அனுப்பினால் அவர் அடுத்த பில்டிங்கில் சேர்வார், அவ்வளவுதான். பேசி முடிக்க இது சமரசத்துக்கு உட்பட்ட குற்றமும் அல்ல.

குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ‘அங்கிள் இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா’ என்று கேட்காதீர்கள். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால், ‘சொல்லிக் கொடுத்த சாட்சி’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். சட்டப்படி வாக்குமூலம் வாங்குவது காவல்துறை. அதுவும் சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் எஸ்.ஐ., குழந்தையின் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ. ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், ஆனால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். ‘எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது, எல்லை எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும்.

சம்பவ இடத்தில் கேமரா இருந்தால் அன்றே பதிவைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். டி.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி) கடிகாரம் பெரும்பாலும் சில நிமிடம் முன்பின்னாக இருக்கும், வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் அந்தப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். குரூப்பில் ஒரு ஃபிரேம்கூடப் போகக்கூடாது. குழந்தையை அடையாளம் காட்டுவதே தனிக் குற்றம். ‘பி பிளாக் மூணாவது மாடி’ என்று போட்டாலே அடையாளம்தான்.

டியூட்டி டாக்டர்:
மேலே விட்டுப்போனது. முதலில் மருத்துவமனை. எஃப்.ஐ.ஆர். காப்பி இருந்தால்தான் பார்ப்போம் என்று அரசு மருத்துவமனையோ தனியாரோ சொல்லக்கூடாது, முதல் சிகிச்சை இலவசம்.

உடம்பிலிருந்து தடய மாதிரிகளைச் சம்பவத்திலிருந்து 96 மணி நேரம் வரை எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் சாட்சியம் குறையும். குளிப்பாட்டாதீர்கள். பதற்றத்தில் குளிப்பாட்டியிருந்தால், ‘இனி பயனில்லை’ என்று வீட்டிலேயே உட்காராதீர்கள், வாருங்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். பருவமடைந்த பெண்ணுக்கு அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் ‘இரு விரல்’ பரிசோதனை செய்யக்கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது செய்ய முனைந்தால் மறுக்கலாம்.

மேடவாக்கம் செயலாளர்:
ரொம்ப நன்றி. பெரியவர்களின் கூட்டத்தை முதலில் வைக்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் தனக்கு இப்படி நடந்ததாகப் புகார் சொன்னாலும் இதே வழிதானா?

கருப்பு அங்கி:
இல்லை மேடம். 18 வயது நிரம்பியவர் என்றால் போலீஸுக்குப் போவதா என்பது அவர் முடிவு. நீங்கள் கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் உண்டு. மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். முகாந்திரம் இருந்தால் குழு ஏழு நாளுக்குள் போலீஸுக்கு அனுப்பும். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுங்கள். அந்த வேலையை விட்டு அவரை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது, அதைச் செய்யாதீர்கள். வழி விசாரிக்க மகளிர் உதவி எண் 181.

பெரம்பூர் பயிற்சியாளர்:
லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள் மேடம் (முதலில் சார் என்று போட்டுவிட்டேன், மன்னிக்கவும்). அவசர உதவிக்கு 112, கூடவே 1098, 181, பள்ளிப் பிரச்சினைக்கு 14417, உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலைய எண். தமிழ், இந்தி, ஆங்கிலம். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்; நம் கண்ணுக்கு நேரே ஒட்டினால் பிள்ளைகளுக்கு எட்டாது. ஒட்டும் முன் ஒவ்வொரு எண்ணையும் போட்டுப் பாருங்கள், ஸ்டேஷன் லேண்ட்லைன் மாறியிருக்கும்.